சுடுவதற்கு முதல் எண்ணுங்கள்

ஊருக்குள் ஒரு சிறுத்தை வந்துவிட்டால் எங்கள் பேஸ்புக்கில் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சி, "அடிச்சுக் கொல்லுங்கோ, சனத்தின்ர உயிர் பெரிசா மிருகத்தின்ர உயிர் பெரிசா?" என்று கேட்கும். மற்றக் கட்சி கொழும்பிலயோ கனடாவிலயோ இருந்துகொண்டு, "இந்தக் காட்டுமிராண்டிகளுக்கு இயற்கையின்ர அருமை எங்க விளங்கப்போகுது?" என்று சாபம் போடும். மூன்றாம் நாள் இரண்டு கட்சியும் வேறு சண்டைக்குப் போய்விடும். கடிபட்டவர் எப்படி இருக்கிறார், சிறுத்தைக்கு என்ன நடந்தது, அடுத்த தடவை யார் என்ன செய்ய வேண்டும் என்று கேட்க ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

இரண்டு கட்சியோடும் எங்களுக்குச் சண்டை இருக்கிறது. ஆனால் அந்தச் சண்டையைச் சிறுத்தையிலிருந்து தொடங்காமல், உலகத்தின் மற்றப் பக்கத்தில் இருக்கிற கூகரிலிருந்து தொடங்குகிறோம். ஏனென்றால் வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் இதே வாக்குவாதம் நூறு வருடத்துக்கும் மேலாக நடந்துகொண்டிருக்கிறது. அங்கே சுட்டும் பார்த்தார்கள், சுடாமலும் பார்த்தார்கள், பிடித்துத் தூரத்தில் கொண்டுபோய் விட்டும் பார்த்தார்கள். பார்த்ததை எழுதியும் வைத்தார்கள். அதனால்தான் எது வேலை செய்தது, எது கோபத்தை ஆற்றுவதற்கு மட்டும் உதவியது என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது.

எங்கள் வாதம் சின்னது. மிருகத்துக்கும் மனிதருக்கும் இடையிலான பிரச்சினையை நிர்வகிக்கிற வேலை துவக்கில் தொடங்குவதில்லை, கொப்பியில் தொடங்குகிறது. அந்தக் கொப்பியில் யார் எழுதுகிறார்கள், எழுதினதை யார் வாசிக்கலாம் என்பது முழுக்க முழுக்க அரசியல்.

செத்தவற்றின் கணக்கு

கூகர், பூமா, மலைச் சிங்கம் எல்லாம் ஒரே மிருகத்தின் பெயர்கள்தான். கனடாவிலிருந்து சிலியின் தெற்கு வரை பரவியிருக்கிற பெரிய பூனை. தனியாகத் திரியும். வட அமெரிக்காவில் அதன் முக்கிய இரை மான். வளர்ந்த ஆண் ஒன்று நூற்றுக்கணக்கான சதுர கிலோமீற்றரைத் தன் எல்லையாக வைத்துக்கொண்டு, வேறு ஆண்களை உள்ளே விடாது. ஒன்றரை வயதளவில் தாயை விட்டுப் பிரிகிற இளம் ஆண், சொந்த இடம் தேடி நெடுந்தூரம் அலையும். இந்த இளம் ஆணை நினைவில் வைத்திருங்கள். கதையில் அவர் திரும்பி வருவார்.

1907 முதல் 1963 வரை கலிபோர்னியாவில் கூகரைக் கொன்று கொண்டுவருபவர்களுக்குச் சன்மானம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் கொல்லப்பட்டதாகப் பதிவான கூகர்கள் 12,462. இவ்வளவு துல்லியமான எண் எப்படிக் கிடைத்தது? காசு கொடுக்கிற இடத்தில் கணக்கு இருக்கும், அதனால்தான். ஆனால் அது செத்தவற்றின் கணக்கு மட்டும். எத்தனை மிச்சம், எத்தனை ஆடுகள் உண்மையில் கூகரால் செத்தன, கொன்ற பிறகு ஆடுகளின் இழப்புக் குறைந்ததா என்ற கேள்விகளுக்கு அந்தப் பேரேட்டில் இடமே இல்லை. ஐம்பத்தாறு வருடம் ஒரு அரசு தன் கொள்கை வேலை செய்கிறதா என்று கேட்காமலே காசு கட்டியது.

1972இல் அங்கே விளையாட்டு வேட்டையைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். 1990இல் மக்கள் வாக்களித்து, கூகரை விசேட பாதுகாப்புக்குரிய விலங்காக்கினார்கள். அதோடு துவக்கைத் தூக்குவது சுலபமான பதிலாக இருக்கிற காலம் முடிந்தது. திணைக்களம் வேறு வேலை பழக வேண்டி வந்தது.

ஒரு போன் அழைப்புக்கு என்ன நடக்கிறது

அந்த வேறு வேலை என்ன? அதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒருவர் போன் எடுத்து "எங்கட வளவுக்குப் பின்னால கூகர் நிக்குது" என்கிறார். திணைக்களம் அதைப் பதிகிறது. ஆனால் அதைக் "கூகர் பிரச்சினை" என்று எழுதாது, "முறைப்பாடு" என்றுதான் எழுதும். இந்த ஒரு சொல் வித்தியாசத்துக்குள்தான் எல்லாம் இருக்கிறது. கூகர் என்று சொல்லப்படுகிறவற்றில் கனக்க, போய்ப் பார்த்தால் நாயாகவோ வீட்டுப் பூனையாகவோ தான் இருக்கும். இருட்டும் பயமும் சேர்ந்தால் எந்தப் பூனையும் பெரிய பூனைதான்.

ஆகவே முதல் வேலை பிரிப்பது. மிருகத்தைக் கண்டது மட்டுமா? ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிற்கிறதா? ஆடு, நாய், கோழிக்குச் சேதமா? மனிதரை நெருங்கியதா, தாக்கியதா? பெயர்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், படிகள் ஏறக்குறைய இவைதான். ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு பதில். கண்டது மட்டும் என்றால் ஆலோசனையோடு முடியும். ஆடு செத்திருந்தால் அதிகாரி நேரே வந்து உடலைப் பார்ப்பார். கழுத்தில் கடி எப்படி இருக்கிறது, இழுத்துக்கொண்டுபோய் இலை குப்பையால் மூடியிருக்கிறதா, காலடியில் நகத்தடம் இருக்கிறதா என்று தேடுவார். பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், நாயின் காலடியில் நகம் பதியும். சந்தேகம் வந்தால் காயத்தில் இருக்கிற எச்சிலை எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பலாம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் "உறுதி" என்ற சொல் எழுதப்படும்.

கலிபோர்னியாவில் சேதம் உறுதியானால் சொந்தக்காரர் அந்தக் கூகரைக் கொல்ல அனுமதி கேட்கலாம். ஆனால் அனுமதிக்கு 10 நாள் ஆயுள். எவ்வளவு தூரம் துரத்தலாம் என்பதற்கும் எல்லை உண்டு. கொன்றால் 24 மணித்தியாலத்துக்குள் அறிவித்து, உடலை ஒப்படைக்க வேண்டும். அந்த உடலை அறுத்துப் பார்த்து வயது, பால், இரைப்பையில் என்ன கிடந்தது, எலிப்பாஷாணம் ஏறியிருக்கிறதா என்று எழுதுவார்கள். செத்த பிறகும் அந்த மிருகத்திடமிருந்து ஒரு பாடம் எடுக்கிறார்கள். மனிதர் மீது உறுதியான தாக்குதல்கள் என்று 1890இலிருந்து ஒரு பட்டியலை அந்தத் திணைக்களம் பகிரங்கமாக வைத்திருக்கிறது. யாரும் வாசிக்கலாம். வட அமெரிக்கா முழுவதும் நூறு வருடத்துக்கும் மேலான பதிவுகளில் கூகரால் இறந்த மனிதர்கள் சுமார் 30 பேர் என்று எங்களால் சொல்ல முடிவது, இப்படிப்பட்ட பட்டியல்கள் இருப்பதால்தான்.

இந்த எண்ணை வைத்து யாருடைய சாவையும் சின்னதாக்க நாங்கள் வரவில்லை. 2018இல் வொஷிங்டன் மாநிலத்தில் ஒரு சைக்கிளோட்டி இறந்தார். அந்த மாநிலத்தில் 1924க்குப் பிறகு அதுதான் முதல் சாவு. 2024 மார்ச்சில் கலிபோர்னியாவில் அண்ணன் தம்பி இருவரைக் கூகர் தாக்கி, 21 வயதான அண்ணன் இறந்தார். அங்கே இருபது வருடத்தில் அது முதல் சாவு. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு "இருபது வருடத்தில் ஒன்றுதானே" என்று சொல்வது ஆறுதல் இல்லை, அவமானம். மனிதரைக் கொன்ற அந்தக் கூகரைக் கண்டுபிடித்துக் கொன்றார்கள். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தும் இல்லை. தாக்கிய மிருகத்தை அடையாளம் கண்டு அகற்றுவது வேறு. ஊர்க் கோபத்தை ஆற்ற, கண்ணில் படுகிற எதையாவது சுடுவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் கதைக்கிறவர்கள்தான் எங்களுடைய முதல் எதிராளிகள்.

சுட்டால் குறையுமா?

"கொஞ்சத்தைச் சுட்டால் மிச்சம் பயந்து ஓடிவிடும்." கேட்க நியாயமாக இருக்கும். எங்கள் ஊர் மாமாமாரும் இதைத்தான் சொல்வார்கள், அங்கத்தைய பண்ணைக்காரரும் இதைத்தான் சொன்னார்கள். வொஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த மாநிலத்தின் முறைப்பாடுகளையும் கால்நடை இழப்புகளையும் சுடப்பட்ட கூகர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2013இல் வெளியானது. நிலத்தில் ஒரு கூகர் கூடினால், முறைப்பாடும் இழப்பும் கூடுவதற்கான வாய்ப்பு 5 வீதம் ஏறுகிறது. ஒரு கூகரை மேலதிகமாகக் கொன்றாலோ அதே வாய்ப்பு சுமார் 50 வீதம் ஏறுகிறது! ஒரு பகுதியின் வளர்ந்த கூகர்களை ஒரே வருடத்தில் முழுதாக அகற்றினால், அடுத்த வருடம் அது 150 முதல் 340 வீதம் வரை போகிறது.

எப்படி? இங்கேதான் அந்த இளம் ஆண் திரும்பி வருகிறார். வேட்டைக்காரருக்குப் பிடித்தது பெரிய ஆண். அதைச் சுட்டவுடன் அது காவல் காத்த எல்லை காலியாகிறது. காலியான இடத்துக்குள் ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்று இளசுகள் நுழைகின்றன. அனுபவம் இல்லை, மான் பிடிக்க இன்னும் சரியாகத் தெரியாது, எங்கே மனிதர் இருக்கிறார்கள் என்று தெரியாது, பசி மட்டும் தெரியும். ஆட்டுக்கொட்டிலுக்கு வருவது கூடுதலாக இவைதான். மனிதரோடு எத்தனையோ வருடம் முட்டுப்படாமல் வாழப் பழகியிருந்த ஒரு கிழட்டு ஆணைக் கொன்று, பிரச்சினையை நாங்களே அழைத்து வருகிறோம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் முப்பது வருடத் தரவுகளைப் பார்த்து 2016இல் வெளியான ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. வேட்டை கூடின இடங்களில் மனிதரோடு மோதலும் கூடியிருந்தது.

"சரி, சுட வேண்டாம். பிடிச்சுக் காட்டுக்குள்ள கொண்டுபோய் விடுங்கோ." மிருக நேசர்களுக்குப் பிடித்த பதில் இது. நியூ மெக்சிகோவில் 14 கூகர்களைப் பிடித்து, ரேடியோ கொலர் மாட்டி, சராசரி 477 கிலோமீற்றர் தூரத்தில் விட்டுப் பார்த்தார்கள். ஒன்பது செத்தன. இரண்டு ஆண்கள் அவ்வளவு தூரத்தையும் நடந்து பழைய இடத்துக்கே திரும்பின. "காடு" என்பது வெறுமையாகக் கிடக்கிற காணி இல்லை. அங்கே ஏற்கனவே சொந்தக்காரர் இருக்கிறார். புதிதாகக் கொண்டுபோய் விடப்படுகிற மிருகம், அந்தச் சொந்தக்காரரிடம் அடி வாங்கி ஊர்ப் பக்கம் வரும்.

அப்படியென்றால் எது வேலை செய்கிறது? கேட்டால் சலிப்பு வரும். இரவில் ஆட்டை அடைக்க நான்கு பக்கமும் கூரையும் உள்ள கொட்டில். கூரையில்லாத வேலி கூகருக்கு ஒரு பொருட்டே இல்லை. வெளிச்சம், காவல் நாய், வளர்ப்பு நாயை இரவில் உள்ளே வைத்திருப்பது. இவ்வளவுதான். 2016இல் கலிபோர்னியாவின் மாலிபு மலையில் பி-45 என்ற கொலர் போட்ட கூகர் ஒரே இரவில் பத்து அல்பாக்காக்களைக் கொன்றது. கொல்ல அனுமதியும் கொடுக்கப்பட்டது. பெரிய எதிர்ப்பு எழுந்தது, அனுமதி பயன்படுத்தப்படவில்லை. அடுத்த வருடம் திணைக்களம் அந்த மலைப் பகுதிகளுக்கு விதியை மாற்றியது: முதல் இரண்டு தடவை சேதம் வந்தால் கொல்லாத வழிகளுக்கு மட்டும் அனுமதி, மூன்றாவது தடவைதான் மற்றது. 2016இல் லொஸ் ஏஞ்சலிஸ் மிருகக்காட்சிசாலையில் ஒரு கோலா செத்துக் கிடந்தபோது, பக்கத்துப் பூங்காவில் வாழ்ந்த புகழ்பெற்ற பி-22 மீது சந்தேகம் விழுந்தது. சாலை நிர்வாகம் பி-22ஐச் சுடச் சொல்லவில்லை. கோலாக்களை இரவில் உள்ளே அடைத்தது.

அவர்களும் புனிதர்கள் இல்லை

வெள்ளைக்காரன் எல்லாம் சரியாகச் செய்கிறான் என்று நாங்கள் எழுதுவதாக நினைத்துவிட வேண்டாம். 2012 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே என்ற ஊரில் ஒரு வீட்டு வளவுக்குள் பதுங்கிய இரண்டு கூகர் குட்டிகளை அதிகாரிகள் சுட்டுக் கொன்றார்கள். சனம் கொதித்தது. அதற்குப் பிறகுதான் 2013இல் சட்டம் மாறியது: மனிதருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால் கொல்லாத வழியைத்தான் எடுக்க வேண்டும். திணைக்களம் தானாகத் திருந்தவில்லை, சனம் திருத்தியது.

இன்னொன்று. அமெரிக்காவில் மாநில வனஜீவராசித் திணைக்களங்களின் வருமானத்தில் பெரிய பங்கு வேட்டை அனுமதிப்பத்திரங்களிலிருந்தும், துவக்கு, தோட்டா மீதான மத்திய வரியிலிருந்தும் வருகிறது. அந்த வரிச் சட்டம் 1937இல் வந்தது. யாருடைய காசில் அலுவலகம் ஓடுகிறதோ, அவர்களுடைய குரல் உள்ளே சத்தமாகக் கேட்கும். வொஷிங்டனில் நாய்களை வைத்துக் கூகரை வேட்டையாடுவதை 1996இல் மக்கள் வாக்களித்துத் தடுத்தார்கள். 2013 அளவில் வேட்டையை வளர்ந்த கூகர்களில் 12 முதல் 16 வீதத்துக்குள் கட்டுப்படுத்தும் ஒழுங்கு வந்தது. 2018 சாவுக்குப் பிறகு பயம் கிளம்பியது, 2020இல் அந்த எல்லை பல இடங்களில் தளர்த்தப்பட்டது. தங்கள் சொந்த மாநிலத்து ஆய்வு மேசையில் கிடக்கும்போதே இது நடந்தது. கணக்கு இருந்தால் மட்டும் போதாது, அதைத் தூக்கிக் காட்டிச் சண்டை பிடிக்க ஆட்களும் வேண்டும். ஆனால் கணக்கே இல்லாவிட்டால் எதைத் தூக்கிக் காட்டுவது?

கூகரிலிருந்து சிறுத்தைக்கு

கூகர் வேறு, சிறுத்தை வேறு என்பது உண்மைதான். ஆனால் எல்லை பிடித்துத் தனியாக வாழ்கிற பெரிய பூனைகள் என்பதில் இரண்டும் உறவினர். இடமாற்றப் பாடம் சிறுத்தைக்கும் பொருந்தும் என்பதற்கு நியூ மெக்சிகோ வரை போகத் தேவையில்லை. இந்தியாவின் மகாராஷ்டிராவில் ஜுன்னர் என்ற கரும்பு விளைகிற பகுதியில், பிரச்சினை தரும் என்று சிறுத்தைகளைப் பிடித்துக் காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். வித்யா ஆத்ரேயாவும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முதல் வருடத்துக்குச் சராசரி 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல், பிறகு 17 ஆனது. நல்ல மனசோடு செய்த வேலைதான். கணக்கு வைத்திருந்தபடியால்தான் அது தப்பு என்று தெரிந்தது.

இப்போது எங்கள் நாட்டுக்கு வருவோம். இங்கே சிறுத்தை 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. வளர்ந்தவை ஆயிரத்துக்கும் குறைவு என்பது பொதுவான மதிப்பீடு. சட்டம் இருக்கிறது. சட்டத்துக்கும் ஊருக்கும் இடையில் என்ன இருக்கிறது?

2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தை ஊருக்குள் வந்து பத்துப் பேரளவில் காயப்படுத்தியது. அவர்களில் ஒருவர் வனஜீவராசி உத்தியோகத்தர். கடைசியில் சனம் அதை அடித்துக் கொன்றது. செத்த உடலோடு படம் எடுத்தார்கள், வீடியோ பரவியது, நாடு முழுக்கக் கொதித்தது, ஆட்களைக் கைது செய்யச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் படங்களுக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. அது வெட்கக்கேடு. ஆனால் அன்றைக்கு வந்த கோபத்தில் நூற்றில் ஒரு பங்காவது, "மயக்க ஊசியோடு பயிற்சி பெற்ற அணி ஏன் அங்கே உடனே நிற்கவில்லை? கூட்டத்தைத் தள்ளி வைக்கிற பொறுப்பு யாருடையது?" என்று கேட்டதா? கேட்கவில்லை. பத்துப் பேர் இரத்தம் சிந்தின ஊரைக் காட்டுமிராண்டி என்று எழுதுவது லேசு. திணைக்களத்திடம் கணக்குக் கேட்பது கஷ்டம். இந்த மிருக நேசர்கள்தான் எங்களுடைய இரண்டாவது எதிராளிகள். சுவரில் மாட்டுகிற படமாக மட்டும் சிறுத்தையை நேசிக்கிறவர்கள்.

மலையகத்துக்குப் போனால் இது நாளாந்த வாழ்க்கை. ஹற்றன், மஸ்கெலியா, பொகவந்தலாவ பக்கம் தேயிலை மலைகளுக்கு மேல் காட்டுத் துண்டுகள் இருக்கின்றன. சிறுத்தை அங்கே வாழ்கிறது, தேயிலைக்குள்ளால் நடக்கிறது, பகலில் அடர்ந்த செடிக்குக் கீழே படுக்கிறது. லயத்து நாய்கள் அதற்குச் சுலபமான இரை. கம்பனி கவனிக்காமல் விட்டுக் காடாகிப்போன மலைக்குள் கொழுந்து எடுக்கப் போகிறவர் ஒரு பெண். முன்னுக்கு என்ன படுத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நேற்று இரவு அந்த மலையில் சிறுத்தையைக் கண்டதாக யாராவது சொல்லியிருந்தாலும், அந்தத் தகவல் காலையில் பெரட்டுக் களத்துக்கு வந்து சேரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பயத்தில் இறங்க மறுத்தால் அரைப் பேர், அல்லது பேரே இல்லை. இந்தப் பெண்ணிடம் போய் "சிறுத்தை எங்கள் தேசிய செல்வம்" என்று விரிவுரை செய்வதற்கு ஒரு தைரியம் வேண்டும்!

மிருகத்தின் பக்கமும் இதே கதைதான். மலையகத்தில் சிறுத்தையைக் கூடுதலாகக் கொல்வது துவக்கோ நஞ்சோ இல்லை, கம்பிச் சுருக்கு. மரக்கறிப் பாத்தியைக் கிண்டுகிற காட்டுப்பன்றிக்கும், இறைச்சிக்கும் என்று வைக்கிற சுருக்கில் சிறுத்தை மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று இப்படித்தான் மாட்டியது. உயிரோடு மீட்டு உடவலவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் செத்தது. அதற்கும் நாடு அழுதது. பன்றியால் பாத்தியை இழக்கிறவருக்கு என்ன பதில், சுருக்குகளைத் தேடி எடுக்கிற வேலைக்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற கேள்விகள் அந்த அழுகைக்குள் கரைந்துபோயின.

நாங்கள் கேட்பது

"அமெரிக்காவிடம் காசு இருக்கு, எங்களிடம் என்ன இருக்கு?" என்று சொல்வார்கள். லொஸ் ஏஞ்சலிஸுக்குப் பக்கத்தில் பத்துப் பாதைகள் கொண்ட நெடுஞ்சாலைக்கு மேலால், கூகர் கடக்கிறதுக்கென்று 2022இல் ஒரு பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். செலவு ஒன்பது கோடி டொலருக்கும் மேல். அந்தப் பாலத்தை நாங்கள் கேட்கவில்லை. நாங்கள் கேட்கிற சாமான்களின் விலை கொப்பி, போன், கோழிக்கூட்டுத் தகரம்.

தமிழிலும் சிங்களத்திலும் பதில் சொல்கிற, இரவிலும் எடுக்கிற ஒரு போன் இலக்கம் வேண்டும். கண்டது, சேதம், தாக்குதல் என்று பிரித்து, உறுதியானது எது, வெறும் முறைப்பாடு எது என்று குறித்து, தோட்டம் தோட்டமாக எழுதின பகிரங்கப் பட்டியல் வேண்டும். அதை ஹற்றனில் கொழுந்து எடுக்கிற அக்கா தன் போனில் தமிழில் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சிறுத்தை நிற்பது உறுதியானால் அடுத்த நாள் பெரட்டுக் களத்திலும் கொழுந்து மடுவத்திலும் அறிவிக்க வேண்டும், ஆட்களை வேறு மலைக்கு மாற்ற வேண்டும், ஒரு சதமும் சம்பளம் வெட்டக்கூடாது. லயத்தைச் சுற்றியிருக்கிற பற்றையை வெட்டுவதும், வெளிச்சம் போடுவதும், இரவில் வெளியே போகத் தேவையில்லாத மலசலகூடம் கட்டுவதும் கம்பனியின் கடமை. அது சலுகை இல்லை. சிறுத்தை நடமாடுகிற மாவட்டங்களில் மயக்க ஊசியோடு அணி தயாராக நிற்க வேண்டும், அந்த அணி வேலை செய்கிறபோது கூட்டத்தைத் தூர வைப்பது பொலிசின் வேலை. பிடித்த சிறுத்தையை எங்கேயாவது விட்டால், கொலர் மாட்டி, பிறகு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். பன்றிச் சேதத்துக்கு நட்டஈடு வேண்டும், சுருக்கு எடுக்கிற தொழிலாளிக்கு நாட்சம்பளம் வேண்டும்.

திணைக்களம் இதையெல்லாம் நாளைக்கே செய்யாது என்று எங்களுக்கும் தெரியும். ஆகவே வாசிக்கிற உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் தோட்டத்தில், உங்கள் குளத்துப் பக்கத்தில் இளைஞர் கழகமோ வாசிகசாலையோ இருந்தால் ஒரு கொப்பியைத் திறவுங்கள். திகதி, நேரம், இடம், என்ன கண்டது, யார் கண்டது, காலடியைப் படம் எடுத்தீர்களா, நாயா ஆடா போனது, யாருக்கு அறிவித்தீர்கள், எத்தனை மணிக்குப் பதில் வந்தது. முக்கியமாக அந்தக் கடைசிக் கேள்வியை விடாமல் எழுதுங்கள். பதில் வராவிட்டால் "வரவில்லை" என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கொப்பியின் பிரதியோடு பிரதேச செயலகத்துக்குப் போங்கள், தொழிற்சங்கத் தலைவர்மாரிடம் போங்கள், பத்திரிகைக்குப் போங்கள். அரைப் பேர் போட வருகிற துரைக்கு முன்னாலும் அதைத் திறந்து வையுங்கள்.